பொட்டு வைத்த நட்டு

நட்டு கையோடு வந்தது.

ஸ்பானரை மாட்டி, அதன் வாலில் ஒரு முழ இரும்புப் பைப்பைச் செருகி, உடம்பின் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினால்தான் அசையவேண்டிய நட்டு. தணிகாசலம் அழுக்கைத் துடைப்பதற்காகத்தான் விரலை வைத்தார். அது சுழன்றது. சுற்றச் சுற்றச் சுழன்று உள்ளங்கையில் விழுந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். வண்டிக்குச் சொந்தக்காரரான சந்திரமௌலி பூவரச மர நிழலில் நின்று, கால்வாய்க்குள் ரயிலுக்காக எழுப்பிக்கொண்டிருந்த தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நட்டைப் பார்க்கவில்லை. தணிகாசலம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு விசிறிப் பட்டையைச் சுற்றும் புல்லிச் சக்கரத்தை இழுத்து வெளியே எடுத்து, உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"அந்த டக் டக் சத்தம் என்னன்னு தெரிஞ்சுதாப்பா?"

"கீ போச்சு சார்."

சந்திரமௌலி ஜிப்பாப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். "இதோ இருக்கே."

"அந்தக் கீ இல்ல சார். உள்ள கீற கீ."

இன்ஜினின் நடுவில் சுற்றும் கனத்த தண்டின் முன்முனையில் ஒரு காடி, நீளவாக்கில் ஒரு பள்ளம், வெட்டியிருக்கும். அதில் ஒரு சிறிய எஃகுத் துண்டு உட்காரும். பாதி தண்டின் காடிக்குள், பாதி புல்லியின் காடிக்குள். தண்டு சுற்றும்போது புல்லியையும் பிடித்து இழுத்துக்கொண்டு போவது அந்தத் துண்டுதான். அதைத்தான் கீ என்கிறார்கள். முன்னால் நட்டு இறுகியிருக்கும்வரை கீக்கு அதிக வேலை இல்லை. நட்டு தளர்ந்தால் புல்லி ஆடும். ஆட ஆட, கீ தன் காடியையே இடித்துத் தின்னும். தணிகாசலம் வெளியே எடுத்த துண்டு ஒருபக்கம் சப்பிப் போயிருந்தது. தண்டிலிருந்த காடியின் ஒரு சுவர் வாய் பிளந்திருந்தது.

"பரத்வாஜ் புதுப்பேட்டைலேர்ந்து ஆளை வரச் சொல்லிட்டான்," என்றார் சந்திரமௌலி. பரத்வாஜ் அவருடைய மகன். "பழைய வண்டியை உடைச்சு விக்கறவன். திங்கக்கிழமை ஒன்பதரைக்கு வரானாம். வயசாயிடுத்துப்பாங்கறான். வண்டிக்கா எனக்கான்னு கேட்டேன்."

"நாளிக்கி சாயந்தரம் வந்து பாருங்க சார்."

"ஓடினா குடுக்கமாட்டேன்னு சொல்லியிருக்கேன். ஓடலேன்னா ஒண்ணும் பேசமாட்டேன்னும் சொல்லியிருக்கேன். வாக்கு குடுத்துட்டேன்."

அவர் குடையை விரித்துக்கொண்டு அபிராமபுரத்தின் மூன்றாவது தெருப் பக்கம் நடந்தார். அன்று சனிக்கிழமை.

ஐம்பத்தேழாம் வருட ஃபியட். சாம்பல் நிறம். எழுபத்தொன்றிலிருந்து அதைத் தொட்டவர் தணிகாசலம் ஒருவர்தான். தேனாம்பேட்டையில் ஒரு லாரி ஷெட்டில் வேலை கற்றவர், லாரியின் உயரம் ஒத்துவராமல் காருக்கு வந்தார். தெருமுனையில், கால்வாய்ச் சுவருக்கும் ஒரு பங்களாவின் காம்பவுண்டுக்கும் நடுவே வண்டி ஒன்றரை நிற்கும் இடம்தான் அவர் ஷெட். மேலே தகரம். போர்டு கிடையாது. பக்கத்தில் அவர் மனைவி செண்பகத்தின் இஸ்திரி வண்டி. யாராவது வழி கேட்டால் தெருக்காரர்கள் இஸ்திரி வண்டியைத்தான் அடையாளம் சொன்னார்கள். "எனுக்கு போர்டு எங்க ஊட்டுக்காரிதான்," என்பார் தணிகாசலம். ஒரே மகளைத் தாம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

அவர் எடை ஐம்பத்தொரு கிலோ. இதைத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போய் எடை பார்க்கும் மெஷினில் ஏறி அட்டை எடுப்பார். அட்டையின் பின்னால் அச்சடித்திருக்கும் ஜோசியத்தைப் படிக்கமாட்டார். ஒரு முழப் பைப், ஐம்பத்தொரு கிலோ. அதுதான் அவருடைய இறுக்கத்தின் அளவு. ஒரு வருடம் மஞ்சள் காமாலை வந்து நாற்பத்தாறுக்கு இறங்கினார். அப்போது நாலு விரல் கூடுதல் நீளமான வேறு பைப்பை எடுத்துக்கொண்டார். உடம்பு தேறியதும் பழைய பைப்புக்குத் திரும்பினார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கடைசி இறுக்கம் முடிந்த நட்டின்மேல் ரெட் ஆக்சைடு பெயிண்டில் குச்சியால் ஒரு புள்ளி வைப்பார். அதைப் பொட்டு என்பார். பொட்டு இருந்தால் முடுக்கியாயிற்று. இல்லாவிட்டால் இல்லை. நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், டீ வரும், பேச்சு வரும். தன் ஞாபகத்தை அவர் நம்பவில்லை. பொட்டை நம்பினார்.

சட்டைப் பையிலிருந்து நட்டை எடுத்தார். அதில் பொட்டு இருந்தது.

பொட்டு இருக்கும் நட்டு கையோடு வராது. நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் நகத்துக்கு வராது. இது வந்தது. முகர்ந்து பார்த்தார். சிக்குப் பிடித்த நல்லெண்ணெய்.

இஸ்திரி வண்டிக்குப் போனார்.

"இத்த பாரு. இது இன்னா?"

செண்பகம் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். "குங்குமம்."

"யாரு வெச்சது?"

"நான்தான். ஆயுத பூசைக்கு. நீதான சொன்ன, வண்டிக்குப் பொட்டு வெச்சிடுன்னு."

"பானெட்டு மேல வெப்பன்னு நெனச்சேன்."

"அதுலயும் வெச்சேன். உள்ள தொறந்து போட்டிருந்தியே, நடு நெத்தியாட்டம் இது ஒண்ணு எதுர்க்க இருந்துச்சி. வெறும் குங்குமம் நிக்கல. எண்ணெ கொயச்சி வெச்சேன். அளகாத்தான இருந்துச்சி?"

அவர் நட்டில் மிஞ்சியிருந்த சிவப்பைக் குனிந்து பார்த்தார்.

நாலு மாதத்துக்கு முன், பூஜைக்கு முந்தின நாளே ஃபியட்டின் முன்பக்கத்தை அவர் பிரித்திருந்தார். உள்ளே செயின் மாற்றும் வேலை. பூஜையன்று மத்தியானம் எல்லாவற்றையும் சேர்த்து, புல்லியை ஏற்றி, நட்டைக் கையால் திருகி நிறுத்தினார். இறுக்கப் பைப்பைத் தேடினார். பைப் பூஜைப் பலகையில் இருந்தது. செண்பகம் ஸ்பானர்களையும் சுத்தியலையும் பைப்பையும் கழுவித் துடைத்து, வாழையிலை போட்டு, சந்தனம் தெளித்து அடுக்கிவிட்டிருந்தாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுக்கக்கூடாது. நாளைக்கு முடுக்கிக்கொள்ளலாம் என்று அவர் பூசணிக்காய் வாங்கப் போனார். மறுநாள் விஜயதசமி. மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். சந்திரமௌலி கோயிலுக்குப் போக வண்டி வேண்டும் என்று எட்டு மணிக்கே வந்து நின்றார். தணிகாசலம் குனிந்து பார்த்தார். நட்டில் சிவப்பாகப் பொட்டு இருந்தது. ரேடியேட்டரை மாட்டினார்.

"இன்னாயா," என்றாள் செண்பகம். "எதுக்கு மூஞ்ச இப்டி வெச்சிக்கினு கீற?"

"ஒண்ணுமில்ல."

அவள் நட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இருபத்துநாலு வருடமாக அந்த ஷெட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவள்.

"நான் வெச்ச பொட்டப் பாத்துட்டு, நீ முடுக்கிட்டன்னு நெனச்சிக்கினியா?"

"ம்."

முதலில் சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்ய... சாமி அதுலதான் நாலு மாசமா ஓட்டிக்கினு கீறாரா?" சாமி என்று அவள் சொல்வது சந்திரமௌலியை.

"அதுலதான்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு தேனாம்பேட்டையில் பொன்ராஜின் லேத்துக்குப் போனார். பொன்ராஜ் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், இருபது வருடமாக இந்த ஊரில் இரும்பு கடைகிறவர். சப்பின கீயை விரல் நுனியில் வைத்துப் பார்த்தார்.

"நட்டு முடுக்காம ஓட்டினாத்தான் இப்படித் திங்கும். யாரு பாத்த வேல?"

"யாரோ."

"கைய ஒடிக்கணும்."

"ஆமா," என்றார் தணிகாசலம்.

தண்டைக் கழற்றி எடுத்துவந்தால், காடியை வெல்டு வைத்து ரொப்பிப் புதிதாக வெட்டித் தருவதாகப் பொன்ராஜ் சொன்னார். வியாழக்கிழமை ஆகும். வெல்டின் சூட்டில் பழைய தண்டு வளையலாம். வளைந்தால் தான் பொறுப்பில்லை. வியாழக்கிழமை வண்டியே இருக்காது என்பதைத் தணிகாசலம் சொல்லவில்லை. ஒரு விரல் நீளத்துக்குக் கெட்டி எஃகுக் கம்பி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"அரத்த வெச்சுக் கையால ராவப் போறீங்களா?" என்றார் பொன்ராஜ். "ஒரு மயிரிழை கூடினா உள்ள ஏறாது. கொறஞ்சா நிக்காது."

"தெரியும் நைனா."

அவர் யோசித்திருந்தது இது. தண்டைக் கழற்றவேண்டாம். பிளந்த காடியை இருக்கும் இடத்திலேயே அரத்தால் ராவி, சுவர்களை மறுபடி நேராக்கவேண்டும். காடி முன்னைவிட அகலமாகும். புல்லியின் காடி பழைய அகலத்திலேயே இருக்கும். ஆகவே கீயைப் படி வைத்து ராவவேண்டும். கீழே அகலம், மேலே ஒல்லி.

முன் சக்கரங்களைக் கட்டைமேல் ஏற்றி, சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டார். இரும்புத்தூள் இன்ஜினுக்குள் போகாமலிருக்கக் கிழிந்த வேட்டித் துணியில் கிரீஸைப் பூசித் தண்டைச் சுற்றி அணை கட்டினார். தீப்பெட்டியைவிடச் சின்ன இடம். பெரிய அரம் உள்ளே போகாது. ஒரு பக்கம் உடைந்துபோன சின்னத் தட்டை அரம் ஒன்று இருந்தது. அதன் கைப்பிடியைக் கழற்றிவிட்டு விரல் நுனிகளால் பிடித்து ராவினார். பத்து இழுப்பு. துடைப்பு. விளக்கைக் காட்டி ஒரு பார்வை. மறுபடி பத்து.

இந்த நேரங்களில் அவரோடு பேசக்கூடாது என்று தெருவுக்குத் தெரியும். பேசினால் கோபித்துக்கொள்ளமாட்டார். "ஆமா சார்" என்பார். எதைக் கேட்டாலும் அதையே சொல்வார். ஒருமுறை ஒரு டாக்டரின் மனைவி, வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டபோதும் கேள்வியைக் காதில் வாங்காமல் அப்படித்தான் சொல்லிவைக்க, அவர்கள் விற்றும்விட்டார்கள். அந்த வண்டியை நினைத்து அவர் வெகுநாள் வருத்தப்பட்டார்.

சனிக்கிழமை இருட்டும் வரைக்கும், ஞாயிறு காலை ஆறிலிருந்தும் ராவினார். காடி நேரானதும் கீயை எடுத்துக்கொண்டார். எங்கே முட்டுகிறது என்று தெரிய மார்க்கிங் மை வேண்டும். தீர்ந்திருந்தது. செண்பகம் இஸ்திரிப் பெட்டியின் அடிக்கரியைப் பொடித்து எண்ணெயில் குழைத்துக் கொடுத்தாள். அதைக் காடியில் தடவிக் கீயை வைத்து அழுத்தி எடுத்தால், முட்டுகிற இடம் கறுப்பாகும். கறுப்பை மட்டும் ராவவேண்டும். பதினோரு தடவை வைத்து எடுத்தார்.

மத்தியானம் சோறு சாப்பிடும்போது செண்பகம் கேட்டாள்.

"சாமிகிட்ட இன்னா சொல்லப் போற?"

"இன்னா சொல்றது. சரி பண்ணிட்டேன்னு."

"ஏன் கெட்டுப்போச்சின்னு கேட்டா?"

"பழசாச்சி, தேஞ்சிபோச்சின்னா முடிஞ்சிச்சி."

"அத்தத்தான் சாமியோட புள்ளயும் சொல்லுது."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் சொன்னது சரி. வயதால் தேய்ந்தது என்றால், இன்றைக்கு ஓடினாலும் இன்னொரு நாள் இன்னொரு சத்தம் வரும். அன்றைக்கு வண்டி புதுப்பேட்டைக்குப் போகும். வண்டியின்மேல் குற்றம் இல்லை என்று சொல்லவேண்டுமானால் குற்றம் யார்மேல் என்று சொல்லவேண்டும். சொன்னால் வண்டி பிழைக்கும். ஆனால் மறுபடி இந்த ஷெட்டுக்கு வராது.

"சொன்னா வேற மெக்கானிக்காண்ட பூடுவாங்க," என்றார்.

"போனா போவட்டும். வண்டி ஓடும்ல?"

"ஓடும்."

"அப்ப சொல்லு."

"சொல்றேன். உன் பேரு வாணாம்."

"ஏன், எம் பேரு இன்னா கலீஜா?" அவள் தட்டைக் கீழே வைத்தாள். "பொட்டு வெச்சது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா?"

"செவப்புப் பெயிண்டு வெச்சிக்கினது உன் தப்பு. மஞ்சா வெச்சிக்கோ."

"மஞ்சாவும் நீ பூசுவ."

அவள் சிரித்ததில் சோறு புரையேறியது. அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

நாலரை மணிக்கு அப்பாவும் மகனும் வந்தார்கள். பரத்வாஜுக்கு முப்பது வயதிருக்கும். மவுண்ட் ரோடில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வாக்கு வாக்காக இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தான். கீயைச் சின்னச் சுத்தியலால் மூன்று தட்டில் இறக்கி, தணிகாசலம் புல்லியை அதன்மேல் ஏற்றினார். தண்டு சுற்றாமலிருக்கக் கியர் போட்டு, சந்திரமௌலியைப் பிரேக்கில் காலை அழுத்திக்கொண்டு உட்காரச் சொன்னார். நட்டை மாட்டி, பைப்பைச் செருகி, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கினார். ஒரு நிமிடம் அப்படியே தொங்கினார்.

"என்ன பண்றார்?" என்றான் பரத்வாஜ்.

"முடுக்கறார்டா. பேசாம இரு," என்றார் சந்திரமௌலி, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல்.

ரேடியேட்டரை மாட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். வண்டி இரண்டாவது முறையில் பிடித்தது. டக் டக் இல்லை. விசிறியின் காற்றுச் சத்தம் மட்டும். பரத்வாஜ் குனிந்து புல்லியைப் பார்த்தான். அது ஆடாமல் சுற்றியது.

"ஓடறது. சரி," என்றான். "ஆனா இது இன்னிக்குப்பா. அடுத்த மாசம் வேற ஏதாவது தேயும். முப்பத்தெட்டு வருஷ வண்டி."

சந்திரமௌலி ஸ்டீரிங்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இன்ஜினை அணைத்தார்.

"அது தானா தேயல சார்," என்றார் தணிகாசலம். "நான் தேய வெச்சேன். ஆயுத பூசைக்கு செயின் மாத்தினப்ப இந்த நட்ட முடுக்கல. முடுக்கிட்டேன்னு நெனச்சி உட்டுட்டேன். வண்டி மேல தப்பில்ல. முடுக்கி இருந்தா இன்னும் பத்து வருசம் அசையாது."

பரத்வாஜ் நிமிர்ந்தான். "நாலு மாசமாவா?"

"ஆமா சார்."

"அடையார் பிரிட்ஜ் மேல அது கழண்டிருந்தா?"

"வண்டி நின்னுபோயிருக்கும்."

"நடு பிரிட்ஜ்ல. பஸ்ஸுக்கு முன்னாடி."

"ஆமா சார்."

"வயசானவர் ஓட்டிண்டு போற வண்டி. எப்படி மறக்கும் உங்களுக்கு?"

தணிகாசலம் கையிலிருந்த துணியை மடித்தார். இஸ்திரி வண்டியிலிருந்து செண்பகம் குரல் கொடுத்தாள்.

"அது மறக்கல தம்பி. பொட்டு நான் வெச்சேன்."

"உன்ன யாரு கேட்டா?" என்றார் தணிகாசலம்.

"நீ பாதியில உட்டா அவுங்களுக்கு இன்னா வெளங்கும்?" அவள் கிட்டே வந்தாள். பெயிண்ட், குங்குமம், பலகைமேல் வைத்த பைப், எடுக்கக்கூடாத நாள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கையைத் தன் நெற்றியில் வைத்து, பிறகு இன்ஜினின் நடுவில் காட்டினாள். சந்திரமௌலி கேட்டுக்கொண்டே வந்து, நல்லெண்ணெய்க்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"ஆத்துல என் ஆம்படையா வைதேகியும் அப்படித்தாம்மா. என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குக்கூட வெச்சா. ஒரு வாரம் படிச்சதெல்லாம் சிவப்பா இருந்தது."

பரத்வாஜ் சிரிக்கவில்லை. பானெட்டை மூடினான். "நாளைக்குக் காலம்பற இங்கே இருப்பேளா?" என்று தணிகாசலத்தைக் கேட்டான்.

"இங்கதான் சார்."

வண்டி கிளம்பிப் போனது. சந்திரமௌலி திரும்பும்போது தேவையில்லாமல் ஹாரன் அடித்தார்.

"இன்னா சொல்ல வருவான்?" என்றாள் செண்பகம்.

"வராம, புதுப்பேட்டை ஆள உட்டாலும் உடுவான்," என்றார் தணிகாசலம். அரங்களைத் துடைத்து அடுக்கினார்.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டே காலுக்கு ஃபியட் வந்தது. சந்திரமௌலி ஓட்டினார். பரத்வாஜ் ஆபீஸ் உடுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இறங்கி, பைப்பும் ஸ்பானரும் கேட்டு வாங்கினான். சாக்கில் படுத்து, எந்த நட்டு என்று கேட்டு, கீழிருந்து மாட்டி இரண்டு கையாலும் இழுத்தான். நட்டு அசையவில்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவருவதாகவும், தான் பக்கத்தில் இருக்கும்போதுதான் எதையும் முடுக்கவேண்டும் என்றும் சொன்னான். தணிகாசலம் சரி என்றார். சந்திரமௌலி அவனைத் தேனாம்பேட்டையில் இறக்கிவிட்டு, லஸ்ஸில் பாங்குக்குப் போனார்.

ஒன்பதே முக்காலுக்குப் புதுப்பேட்டை ஆள் வீட்டுக்கு வந்தார். வைதேகி அம்மாள் வண்டி இல்லை என்று சொல்லி, பழுதான ஒரு டேபிள் ஃபேனைக் கொடுத்தனுப்பினார்.

தணிகாசலம் அன்று ஒரு அம்பாசிடருக்குப் பிரேக் கட்டை மாற்றினார். செண்பகத்துக்கு நாற்பத்திரண்டு உருப்படி இருந்தது. இரண்டிலிருந்து நாலு வரை கரண்ட் இல்லை.